நான் தேய்த்த குதிரைக்காசு

பண்ணைப் பாலத்தில் பாதித் தூரம் வந்த பிறகுதான், என்னிடம் சைக்கிள் இல்லை என்பது எனக்கு முழுதாக விளங்கியது. இரண்டு பக்கமும் கடல். தலைக்கு மேல் வெயில். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் உடுக்க ஒரு சாரம், மேலே போட ஒரு சேட், ஒரு பூதக்கண்ணாடி, பழைய வெள்ளிக்காசுகள் பதினொன்று. யாழ்ப்பாணப் பட்டினத்தை விட்டு ஊர்காவற்றுறைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன்.

சைக்கிள் கடைக்குச் சொந்தம். ஆறு மாதமாக மிதித்ததில் அது என்னுடையது என்றே நினைத்துவிட்டேன். அன்று காலை முதலாளி என்னை வேலையை விட்டு நிற்கச் சொன்னதும், நான் கோபமாகப் படியிறங்கி, பழக்கத்தில் சைக்கிளில் ஏறி மிதித்தேன். பத்து யார் தூரம் போயிருக்க மாட்டேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"ஐசே, சைக்கிளை வைச்சிட்டுப் போம்!"

திரும்பி வந்து, நிறுத்தி, பூட்டி, திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் கோபமாகப் போனேன். இரண்டாம் தடவை கோபம் அவ்வளவு எடுபடவில்லை.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிது. இணையத்தில் ஏலம் விடும் பழைய காசுகளின் நிலையைப் பார்த்து, இது என்ன தரம் என்று எழுதுகிற வேலை. உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். என்னை ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் "கண்" என்று சொல்வார்கள். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. காசைப் பார்த்தாலும் தேத்தண்ணிக் கடைப் பணிசைப் பார்த்தாலும் ஒரே மாதிரி வட்டமாகத்தான் தெரிகிறது. ஆகவே ஓய்வு. நிறுப்பது, அளப்பது, படமெடுப்பது எல்லாம் மற்றவர்கள் உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். அவற்றில் எனக்குப் பெரிய பிழை வந்ததில்லை. நான் பிழை விட்டதெல்லாம் கை வைத்த இடத்திலும் வாய் திறந்த இடத்திலும்தான். அந்தப் பாலத்தில் நான் ஏன் நடந்தேன் என்று சொன்னால் இரண்டும் ஒன்றாக விளங்கும்.

நான் புங்குடுதீவில் பிறந்தவன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். கொஞ்சக் காலத்தில் ஊரே இடம்பெயர்ந்து பள்ளிக்கூடமும் பூட்டப்பட்டதால், என்னைக் குறை சொல்ல ஆள் இல்லாமல் போய்விட்டது. பிறகு கிளிநொச்சியில் நெல் மூட்டை தூக்கினேன், மன்னாரில் உப்பு அள்ளினேன், புத்தளத்தில் லொறிக்குக் கிளீனராக இருந்தேன். ஒரு இடத்திலும் ஒரு வருடம் தாண்டவில்லை. யாரும் துரத்தியதும் இல்லை. கால் நிற்கவில்லை, அவ்வளவுதான். தொண்ணூற்றாறில் கொழும்பில் ஒரு அடகுக் கடையில் ஒட்டிக்கொண்டேன். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்து இரண்டு தடவை பொலிஸ் பிடித்து, விசாரித்து, பிறகு விட்டது. மூன்றாம் தடவை அடகுக் கடைக்காரரே வந்து என்னை எடுத்துப் போனார். அன்பால் அல்ல. அது பள்ளிக்கூடம் தொடங்குகிற மாதம், கடையில் சனம் நிரம்பி வழிந்தது.

அங்கேதான் எனக்கு வெள்ளி பழக்கமானது. கொலுசு, அரைஞாண், கிண்ணம், சில வேளை பழைய ரூபாய். எது வந்தாலும் முதலில் தேய்த்துப் பார்ப்பார்கள். கறுத்துக் கிடந்தால் சந்தேகம், மின்னினால் மரியாதை. உருக்கப் போகிற சாமானுக்கு அந்தப் பாடம் சரி. நான் அந்த ஒரு பாடத்தை மட்டும் படித்துக்கொண்டு, வெள்ளியைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாக இரண்டாயிரத்து மூன்றில் யாழ்ப்பாணம் திரும்பினேன். சமாதான காலம். பாதை திறந்திருந்தது.

பட்டினத்தில் ஒரு கடை. முன்பக்கம் தொலைபேசி, போட்டோக் கொப்பி, இரண்டு கணினி. பின்பக்கம் பழைய காசு வியாபாரம். முதலாளியின் தம்பி முறையான ஒருவர் கனடாவில் இருந்தார். அவருடைய பெயரில்தான் இணைய ஏலம் நடந்தது. அனுமதி, பத்திரம் என்று இன்று நீங்கள் ஒழுங்காகச் செய்கிற எதுவும் அன்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. என் வேலை தீவுகளுக்குச் சைக்கிளில் போய், யார் வீட்டில் பழைய காசு இருக்கிறது என்று விசாரித்து, பார்த்து, தரம் எழுதி வாங்கி வருவது. கணினிக்கு முன்னால் சுகந்தி என்று ஒரு பெண் இருந்தாள். இருபத்துமூன்று வயது இருக்கும். நான் ஒரு துண்டில் எழுதுவதை அவள் ஆங்கிலத்தில் அடித்து ஏற்றுவாள். ஒவ்வொரு காசுக்கும் கீழே முதலாளி சொன்னபடி ஒரு வரியும் சேர்ப்பாள்: "உள்ளூர் நிபுணரால் பரிசோதிக்கப்பட்டது." அந்த நிபுணர் நான். மன்னாரில் என்னோடு உப்பு அள்ளியவர்கள் அதைப் படித்திருந்தால் சிரித்தே மயங்கியிருப்பார்கள்.

ஊர்காவற்றுறையில் பிலோமினா அக்காவின் வீட்டுக்கு நான் போனது ஒரு வியாழக்கிழமை. அவவின் கணவர் சூசை அண்ணை மீன்பிடிக்கிறவர். பரம்பரையாகக் கடல். சண்டைக் காலத்தில் எஞ்சின் பூட்டிக் கடலில் போக விடாத தடை இப்போது தளர்ந்திருந்தது. பக்கத்து வள்ளங்கள் எல்லாம் எஞ்சின் பூட்டி ஆழக்கடலுக்குப் போய் நல்ல மீனோடு வந்தன. சூசை அண்ணை மட்டும் துடுப்பு வலித்து, கரையோடு கரையாகப் போய், சாளை, திரளி என்று சின்ன மீனே கொண்டு வந்தார். அவர்களுக்கு ஒரு எஞ்சின் வேண்டும். பழையது ஒன்று காரைநகரில் விலைக்கு இருந்தது. சொந்தக்காரர் பத்து நாள் வைத்திருக்கச் சம்மதித்திருந்தார்.

நான் போனபோது பிலோமினா அக்கா முற்றத்தில் சப்பாணி கட்டி இருந்தா. அடுத்த கிழமை கோயில் பெருநாள். பீடத்து மெழுகுதிரித் தண்டுகளைத் தேய்த்துக் கொடுப்பது அந்த வருடம் அவர்களுடைய வீட்டு முறை. ஆறு பித்தளைத் தண்டுகள், ஒரு சட்டியில் கரைத்த பழப்புளி, பக்கத்தில் அடுப்புச் சாம்பல், தென்னந்தும்பு. பாதித் தண்டுகள் பொன்னாக நின்றன. இந்தக் காட்சியை மறக்காதீர்கள். என் பிழைக்கு வேண்டிய எல்லாச் சாமானும் நான் வருவதற்கு முன்பே அங்கே தயாராக இருந்தது. குறை ஒரு மடையன்தான். அதுவும் சைக்கிளில் வந்து இறங்கியது.

அவ குசினிக்குள் போய் ஒரு சின்ன ஓலைக் குட்டானைக் கொண்டு வந்தா. பனங்கட்டி ஊற்றுகிற குட்டான்.

"தம்பி, இடம்பெயரேக்கை எங்கடை மாமி இதுக்கை காசுகளைப் போட்டு மேலால பாகு ஊத்தினவ. சோதனையில ஒருத்தன் பனங்கட்டியெண்டு கடிச்சும் பாத்தவன். நல்லகாலம், மற்றப் பக்கத்தைக் கடிச்சவன்."

உள்ளே பத்து விக்டோரியா ரூபாய், தேய்ந்து மழுங்கியவை. அவற்றுக்கு நடுவில் பெரிதாக ஒன்று. உள்ளங்கை பாரம் உணர்கிற அளவுக்குக் கனம். ஒரு பக்கம் வாளை உயர்த்தி ஓடுகிற குதிரைவீரன், மற்றப் பக்கம் இரண்டு சிங்கம் தாங்குகிற கேடயம். ஒல்லாந்தர் காலத்துக் காசு. சூசை அண்ணையின் வீட்டில் அதைக் குதிரைக்காசு என்பார்கள். காசு முழுவதும் கறுப்பு. வெறும் கறுப்பு அல்ல. சரித்துப் பிடித்தால் குதிரையின் வயிற்றடியில் நீலமும், விளிம்போரம் ஊதாவும் தெரிந்தன. மயில் கழுத்துப் போல. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அழுக்கு என்று நினைத்தேன்.

"பாத்தீரே," என்றார் சூசை அண்ணை, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே. "நான் இந்த ஒரு குதிரையைக் குடுத்து எட்டுக் குதிரை வாங்கப்போறன்." காரைநகர் எஞ்சின் எட்டுக் குதிரைவலு. அந்தப் பகிடியை அவர் கொஞ்ச நாளாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பிலோமினா அக்கா சிரிக்கவில்லை.

"சரியாக் கறுத்துக் கிடக்கே தம்பி. இதை ஆர் வாங்குவினம்?"

"இது ஒரு வேலையே இல்லையக்கா. அந்தப் புளியை இஞ்சாலை தள்ளுங்கோ."

அவ தள்ளவில்லை. சட்டியில் கை வைத்தபடி என்னைப் பார்த்தா.

"தம்பி, இதைத் தேய்க்கலாமோ? கோயில் சாமான் பித்தளை. இது வேறையெல்லோ?"

இந்தத் தொழிலில் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டு வியாபாரிகள், படித்தவர்கள். அதைவிடச் சரியான கேள்வி எவரும் கேட்டதில்லை. நான் சொன்ன மறுமொழி இது:

"அக்கா, நான் கொழும்பில எத்தனை வெள்ளியைப் பாத்தனான். வெள்ளிக்குத் தேய்க்கத் தேய்க்கத்தான் உயிர் வரும்."

இந்த வசனத்தை நான் எங்கும் படிக்கவில்லை. எவரும் எனக்குச் சொல்லித் தரவும் இல்லை. அந்த முற்றத்தில் அந்த நிமிடத்தில் நானே உண்டாக்கியது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொல்லும்போது எனக்கு எப்போதும் நல்ல வசனங்கள் வரும். நான் புளுகுகிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். நீங்கள் உங்களுடைய அடையாளத்தைக் கண்டுபிடித்து வையுங்கள்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருந்தேன். புளி, சாம்பல், தும்பு. வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கறுப்புத் தண்ணி ஓடியது. குதிரை வெளியே வந்தது, வாள் வந்தது, சிங்கத்தின் நாக்குக்கூட வந்தது. கழுவித் துடைத்து வெயிலில் பிடித்தேன். கண் கூசியது. பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் பார்த்து, "நேற்று அடிச்ச காசு மாதிரியெல்லோ!" என்றார்கள். அந்த உற்சாகத்தில் மிச்சமிருந்த மூன்று மெழுகுதிரித் தண்டுகளையும் நானே தேய்த்துக் கொடுத்து, அக்கா போட்ட சோற்றையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அன்று நான் செய்தவற்றில் உருப்படியான வேலை அதுதான்.

கடைக்கு வந்து துண்டில் எழுதினேன்: "முதல் தரம். புதிதுபோல."

சுகந்தி காசை ஸ்கானரில் வைத்து எடுத்தாள். படம் திரை முழுக்கப் பெரிதாக விரிந்தது. அவள் திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

"அண்ணை, இதின்ரை முகம் முழுக்கக் கோடு கோடா நிக்குது."

நானும் குனிந்து பார்த்தேன். ஆயிரம் மெல்லிய கீறல்கள், எல்லாம் ஒரே வளைவில், என் கை சுற்றிய அதே வட்டத்தில். குதிரை மழைக்குள் ஓடுவதுபோல இருந்தது.

"உது உம்மடை மிசினின்ரை கோளாறு," என்றேன்.

"மற்றக் காசுகளில இல்லையே. நான் இஞ்சை மற்ற ஆக்கள் எழுதுறதையெல்லாம் வாசிக்கிறனான். தேய்ச்ச காசை அவை தேய்ச்சது எண்டு எழுதுவினம். விலை அரைவாசிக்கும் கீழ போகும். கறுப்பை அவை விரும்புவினம் அண்ணை. அது காசின்ரை தோலாம்."

"தோலோ? உமக்கு விசர்."

அவள் என் துண்டை எடுத்துப் பார்த்தாள். "'புதிதுபோல' எண்டு எழுதியிருக்கிறியள். இது நீங்கள் கண்டதோ, நினைச்சதோ?"

இப்போது நீங்கள் "மேடம்" என்று கூப்பிடுகிற, பிற்காலத்தில் என்னைத் திரும்பவும் இந்தத் தொழிலுக்குக் கூப்பிட்ட, இந்தக் கடையின் சொந்தக்காரி அவள்தான். உங்களிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள். முதன்முதலில் கேட்கப்பட்டவன் நான். முதன்முதலில் பொய் சொன்னவனும் நான். "கண்டது," என்றேன். அவள் அடித்து ஏற்றினாள்.

ஏலம் ஏழு நாள். உலகத்தின் வேறு மூலைகளில் இருக்கிறவர்கள் படத்தைப் பார்த்து விலை கேட்பார்கள். அவர்களால் காசைத் தொட ஏலாது, சரித்துப் பார்க்க ஏலாது. நாம் எழுதுகிற ஒரு வரிதான் அவர்களுடைய விரல். அன்று எனக்கு அது விளங்கவில்லை. விலை ஏறுவது மட்டும் விளங்கியது. முதல் நாள் ஏறியது. மூன்றாம் நாள் முதலாளி தன் கதிரையை இழுத்துக்கொண்டு வந்து கணினிக்குப் பக்கத்தில் இருந்தார். நாலாம் நாள் எஞ்சின் விலையைத் தொட்டது. அன்று மத்தியானம் சூசை அண்ணை ஊர்காவற்றுறையிலிருந்து தொலைபேசி எடுத்தார்.

"ஐசே, காரைநகரான் கேக்கிறான். நான் ஓம் எண்டு சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ அண்ணை, சொல்லுங்கோ," என்றேன். வாய் திறந்த இடம் என்று முன்னே சொன்னேனே, அதில் இதுவும் ஒன்று.

ஐந்தாம் நாள் பின்னேரம் ஒரு கேள்வி வந்தது. விலை கேட்டவர்களில் ஒருவர் எழுதியிருந்தார். சுகந்தி தமிழில் சொன்னாள்: "படத்தில் கீறல்கள் தெரிகின்றன. இந்தக் காசு தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டதா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்." அங்கே கேள்வியும் மறுமொழியும் எல்லோரும் பார்க்கிற இடத்தில் நிற்கும்.

"இல்லை எண்டு அடியும்," என்றார் முதலாளி.

சுகந்தி விசைப்பலகையில் கை வைக்கவில்லை. "நிபுணர் அண்ணைதானே. அவர் தன்ரை வாயால சொல்லட்டும். சொன்னதை அடிக்கிறன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முதலில் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். "கடற்கரைக் குடும்பம் ஒன்றால் பல தலைமுறையாகக் கவனமாகப் பாதுகாக்கப்பட்டது எண்டு போடும்."

"அது அவர் கேட்டதுக்கு மறுமொழி இல்லை அண்ணை."

"தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்," என்று எழுந்து போய்விட்டேன்.

மூன்று தேத்தண்ணியும் இரண்டு பணிசும் முடிந்தன. நேர்மை என்ற சொல் அன்று என் தலைக்குள் வரவேயில்லை, வந்ததாக இப்போது எழுதினால் அது இன்னொரு "புதிதுபோல." நான் யோசித்தது ஒரே விஷயம். பிலோமினா அக்காவின் எஞ்சின் என் வாயில் தொங்குகிறது. இல்லை என்று சொன்னால் அது நாளை மறுநாள் வள்ளத்தில் பூட்டப்படும். முகம் தெரியாத ஒரு மனிதருக்காக, எனக்குச் சோறு போட்ட ஒரு வீட்டின் எஞ்சினை இழக்கலாமா?

இப்படி யோசித்தால் "இல்லை" என்பதுதான் சரி. நான் எழுந்தும்விட்டேன். பிறகு காசு போய்ச் சேருகிற இடத்தை நினைத்துப் பார்த்தேன். அந்த மனிதர் பொதியைப் பிரிப்பார். என்னுடையதைவிட நல்ல பூதக்கண்ணாடி அவரிடம் இருக்கும். என் கை வட்டம் வட்டமாகச் சுற்றியதை எண்ணியே சொல்லிவிடுவார். காசு திரும்பி வரும், அவருடைய பணத்தைத் திருப்பி அனுப்பவேண்டி வரும். அப்போது எஞ்சின் கடலில் ஓடிக்கொண்டிருக்கும். கரையில் நின்று, "சூசை அண்ணை, அதைக் கழற்றித் தாருங்கோ" என்று கேட்க வேண்டியவன் நான்தான். கிடைக்காத எஞ்சினை மறக்கலாம். பூட்டி ஓட்டிய எஞ்சினைக் கழற்றக் கொடுத்தவன் அந்தக் கரையில் எப்படி நிமிர்ந்து நடப்பான்?

அவ்வளவுதான் என் தீர்ப்பு. பெரிய தத்துவம் இல்லை. நெருக்கடியில் எந்தச் சொல் அழகானது என்று பார்க்காதீர்கள். நீங்கள் சொல்லப்போகிற சொல் ஒரு மாதம் கழித்து யாருடைய வாசலில் போய் நிற்கும் என்று பாருங்கள்.

திரும்பிப் போய்ச் சொன்னேன்: "ஓம் எண்டு அடியும். புளியும் சாம்பலும் போட்டு நான்தான் தேய்ச்சது எண்டும் அடியும்."

"புளிக்கு இங்கிலீசில என்னெண்டு அவருக்கு விளங்கப்படுத்துறது?" என்றாள் சுகந்தி. ஆனால் அடித்தாள். அந்த ஆறு மாதத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்று மட்டும்தான்.

மறுமொழி வந்தது. ஒரே சொல், நன்றி. அதைக் கொண்டு போய்க் காரைநகரில் எஞ்சின் வாங்க ஏலாது. அடுத்தநாள் காலைக்குள், கூடிய விலை கேட்டிருந்த இருவரும் தங்கள் விலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது உருக்குகிற வெள்ளியின் விலையை விடக் கொஞ்சம் கூட. முதலாளி ஏலத்தை நிறுத்தினார், என்னையும் நிறுத்தினார். காசுகளை நானே கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சொன்னார். சைக்கிள் கதை உங்களுக்குத் தெரியும்.

பாலத்துச் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் பையைத் திறக்கச் சொன்னான். மீசை முளைத்தும் முளைக்காத முகம். சாரத்தை உதறினான், பூதக்கண்ணாடியால் என்னைப் பார்த்தான், பிறகு குதிரைக்காசை எடுத்தான். பெருவிரலால் தடவி வெயிலில் பிடித்தான். முகம் மலர்ந்தது.

"ஷோக்! புது சல்லி?" என்றான். சல்லி என்றால் சிங்களத்தில் காசு.

"பழசு, மாத்தையா."

அவன் நம்பவில்லை. இவ்வளவு மினுக்கமான காசு எப்படிப் பழசாகும் என்று தலையை ஆட்டினான். உலகத்திலேயே என் தரம் சரி என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவன்தான். அதற்குப் பிறகு, பாலம் முடிந்தும் நடந்தேன். அல்லைப்பிட்டி தாண்டியதும் பஸ் வந்தது.

பிலோமினா அக்கா வாசலிலேயே நின்றா. என் கையில் பையையும், காலில் புழுதியையும் பார்த்தா. நான் உள்ளே போய் இருந்து, ஒன்றும் விடாமல் சொன்னேன். புளி, கோடு, கேள்வி, தேத்தண்ணி, ஓம். சூசை அண்ணை கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப எஞ்சின் இல்லை?"

"இல்லை அண்ணை."

"நான் கேட்டனான் தம்பி," என்றா பிலோமினா அக்கா. குரல் உயரவில்லை. "தேய்க்கலாமோ எண்டு நான் கேட்டனான்."

"ஓமக்கா. கேட்டனீங்கள்."

அதற்கு மேல் என்னிடம் நல்ல வசனம் ஒன்றும் வரவில்லை. முதன்முதலாக எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எவ்வளவு கடினமான வேலை அது.

அவ குதிரைக்காசை எடுத்துச் சரித்துப் பார்த்தா. நீலமும் இல்லை, ஊதாவும் இல்லை.

"திரும்பக் கறுக்குமோ?"

"கறுக்கும். நாங்கள் இருக்கிற காலத்துக்குள்ள பழையபடி கறுக்காது. கீறல் போகவே போகாது."

கீறலைத் திரையில் கண்டுதான் சொன்னேன், நினைத்துச் சொல்லவில்லை. அவ காசை ஓலைக் குட்டானுக்குள் போட்டு, குசினிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தா. "கிடக்கட்டும். என்ரை பேரப்பிள்ளையள் விக்கட்டும்."

சூசை அண்ணை முற்றத்தில் சாத்தியிருந்த இரண்டு துடுப்புகளைப் பார்த்தபடி சொன்னார்: "எஞ்சின் வருகுது எண்டு சொல்லி, என்னோடை வலிச்ச மச்சானை வேறை வள்ளத்துக்கு விட்டிட்டன். இனி அவன் வரான். வள்ளம் கிடக்கு, வலை கிடக்கு. தனிய வலிச்சுக்கொண்டு வலை போட ஏலாது."

பிறகு பிலோமினா அக்கா என் பக்கம் திரும்பினா.

"உமக்கு இப்ப வேலை ஏதும் கிடக்கோ?"

"இல்லையக்கா. ஆனா எனக்குத் துடுப்பு வலிக்கத் தெரியாது."

"வெள்ளி பாக்கவும் தெரியாதுதானே. அதுக்கு வந்தனீர்."

சூசை அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், ஏலவில்லை. நானும் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. உள்ளே போய் எனக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டா.

அடுத்தநாள் காலை, வெளிச்சம் வந்ததும் வள்ளத்தைத் தள்ளினோம். கரையில் நின்ற பக்கத்து வீட்டார், "எங்கை சூசை அண்ணை, எட்டுக் குதிரை வந்திட்டுதோ?" என்று கேட்டார்கள். அவர் வாய் திறக்க முதல் பிலோமினா அக்கா சொன்னா:

"குதிரை கிடைக்கேல்லை. இப்போதைக்கு ஒரு கழுதை பூட்டியிருக்கு."

நான் துடுப்பைப் பிடித்து முதல் தடவை வலித்தேன். அது வள்ளத்தின் விளிம்பில் உரசிக் கிறீச்சிட்டது. சூசை அண்ணை திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"ஐசே, தேய்க்காதையும். மரம் போயிடும்."

அப்படித்தான் நான் அந்த வீட்டு எஞ்சினாக வேலைக்குச் சேர்ந்தேன்.